கதைக்கு ஆள் தேட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரவில் வழிமறித்து வண்டியில் ஏறி, போகும் வழியிலேயே மறைந்துபோகும் பயணிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில், விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் பெயரையும் ஊரையும் போட்டு, 'அந்தப் பயணி இவர்தான்' என்று முடித்திருக்கிறீர்கள். அதை ஏற்க முடியவில்லை. இந்த வகைக் கதைகளில் பெரும்பாலும் கதைதான் முதலில் ஊருக்குள் வருகிறது. அதற்குப் பொருத்தமாக இறந்தவர் ஒருவரைப் பிறகுதான் தேடிப் பிடிக்கிறார்கள்.

சிகாகோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ச்சர் அவென்யூவில் காரில் ஏறி, ரிசரெக்‌ஷன் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் மறையும் 'ரிசரெக்‌ஷன் மேரி' 1930-களிலிருந்து பேசப்படுகிறாள். வெள்ளை உடை, பொன்னிறக் கூந்தல். இவள்தான் அவள் என்று அதிகம் காட்டப்படும் பெண் 1934-ல் கார் விபத்தில் இறந்தவர். அவருடைய கூந்தலோ கருமை. விபத்து நடந்ததும் நகரின் மையப் பகுதியில். ஆர்ச்சர் அவென்யூவில் இல்லை. பெயர் மேரி என்பதே போதுமானதாகிவிட்டது.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள புளூ பெல் ஹில் இன்னும் தெளிவான சான்று. 1965 நவம்பரில் அங்கே நடந்த விபத்தில், திருமணத்துக்கு நாள் குறித்திருந்த ஓர் இளம்பெண் இறந்தார். 1974-ல் ஓர் ஓட்டுநர் காவல் நிலையத்துக்குப் போய், அந்த மலைச் சாலையில் ஒரு சிறுமியை இடித்துவிட்டதாகவும், போர்வையால் போர்த்திச் சாலையோரம் கிடத்திவிட்டு வந்ததாகவும் சொன்னார். போலீஸார் போய்ப் பார்த்தபோது போர்வை மட்டும் கிடந்தது. அவர் சொன்ன சிறுமிக்கு ஏறத்தாழ பத்து வயது. மணநாளை எதிர்நோக்கியிருந்த பெண்ணோடு அவளை எப்படி இணைப்பது? இணைத்துவிட்டார்கள். இப்படிக் கண், காது, மூக்கு வைப்பதில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு. இறந்தவர்களின் உடன்பிறந்தவர்கள் அந்தச் செய்திகளைப் படிக்கும் நிலையில் இருப்பார்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இது மோட்டார் கார் காலத்துக் கதை என்ற வரியும் திருத்தப்பட வேண்டியது. ஸ்வீடனில் 1602-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. சந்தையிலிருந்து திரும்பும் ஒரு பாதிரியாரும் இரண்டு விவசாயிகளும் வழியில் ஒரு பெண்ணைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள். சத்திரத்தில் அவள் குடிக்கக் கேட்கிறாள். முதல் குவளையில் மால்ட் தானியம், அடுத்ததில் ஓக் கொட்டைகள், மூன்றாவதில் ரத்தம். நல்ல விளைச்சல், நிறையக் காய்கனி, பிறகு போரும் கொள்ளை நோயும் என்று சொல்லிவிட்டு மறைகிறாள். இதே ஆரூடக்காரி 1933-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது கிழவியாகக் காரில் ஏறி, கண்காட்சி ஏரிக்குள் சரிந்துவிடும் என்று எச்சரித்ததாகக் கதை உலவியது. வண்டிதான் மாறியிருக்கிறது.

பியர்ட்ஸ்லி, ஹேங்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1940-களின் தொடக்கத்தில் 79 கதைகளைத் திரட்டி நான்கு வகையாகப் பிரித்தார்கள். முகவரி சொல்லிவிட்டு மறைபவள், ஆரூடம் சொல்லும் கிழவி, நடன அரங்கில் சந்தித்து மேலாடையைக் கல்லறை மேல் விட்டுச் செல்பவள், பிற்பாடு தெய்வம் என்று தெரியவருபவள். கடைசி வகைக்கு ஹவாயின் எரிமலைத் தெய்வம் பெலே நல்ல எடுத்துக்காட்டு. முதல் வகை மட்டுமே 49. உங்கள் கட்டுரை முதல் வகையையும் மூன்றாவதையும் ஒன்றாகக் கலந்து ஒரே சம்பவமாகத் தந்திருக்கிறது. எது எந்த ஊரில் கேட்டது என்பது அதனால் தெரியாமல் போகிறது.

வாசகர்களிடம் மேலும் கதைகள் கேட்டிருக்கிறீர்கள். வருகிற ஒவ்வொரு கதைக்கும் முதலில் கேட்க வேண்டியது, சொல்பவர் தானே கண்டாரா, யாரிடம் கேட்டார் என்பது. 'நண்பரின் நண்பருக்கு நடந்தது' என்றால் அதை அப்படியே அச்சிடுங்கள். 'ஒருவருக்கு நடந்தது' என்று சுருக்கினால் சங்கிலி அறுந்துவிடும். பயணி எந்த இருக்கையில் இருந்தார், மறைந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா, என்ன மிஞ்சியது என்பவற்றையும் கேளுங்கள். பின்னிருக்கை அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு: ஓட்டுபவர் பார்க்காத இடம் அது. இருசக்கர வண்டியில் அதே வேலையை முதுகுப்புறம் செய்கிறது. தென்னாப்பிரிக்காவின் யூனியன்டேல் அருகே 1978-ல் மோட்டார் சைக்கிளில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்ட ஒருவர் சொன்னதில், சிறு குலுக்கலுக்குப் பின் திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. அவள் போட்டிருந்த ஹெல்மெட் வண்டியிலேயே கட்டியிருந்தது.

கேள்வியில் விடையை வைக்காதீர்கள். 'வெள்ளைப் புடவையா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். 'என்ன உடுத்தியிருந்தார்?' என்று மட்டும் கேளுங்கள். மணி என்ன, எவ்வளவு நேரமாகத் தூங்காமல் ஓட்டினார் என்பதும் வேண்டும். களைத்த ஓட்டுநருக்குச் சில நொடிகள் கண் விழித்தபடியே தூக்கம் தட்டும். அரைக்கனவில் உருவங்கள் தோன்றலாம். சாலையோர உருவத்தை இது ஓரளவு விளக்கும். கல்லறை மேல் கிடக்கும் மேலாடையை விளக்காது. நேரில் கண்டதாகச் சொல்பவர்களின் பேச்சில் அந்த மேலாடை பெரும்பாலும் இருப்பதுமில்லை. அது கைமாறும்போது சேர்வது.

விளக்கம் சொல்லிக் கதையை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. 2011 சுனாமிக்குப் பின் ஜப்பானின் இஷினோமாகியில் ஒரு பல்கலைக்கழக மாணவி நூற்றுக்கும் மேற்பட்ட டாக்சி ஓட்டுநர்களிடம் பேசினார். ஏழு பேர் இத்தகைய பயணியைச் சொன்னார்கள். கோடையில் மேல்கோட்டு அணிந்து ஏறிய ஒரு பெண், சுனாமியில் அழிந்த மினாமிஹாமா பகுதிக்குப் போகச் சொன்னார். அங்கே இப்போது ஒன்றுமே இல்லையே என்று ஓட்டுநர் சொன்னதும், 'நான் இறந்துவிட்டேனா?' என்று கேட்டாராம். மீட்டர் ஓடியிருந்ததால் கட்டணத்தை ஓட்டுநரே கட்ட வேண்டியிருந்தது. அந்த ஓட்டுநர்களுக்குப் பயத்தைவிட மரியாதையே மிகுந்திருந்தது. அந்த ஆய்வில் இறந்தவர் யார் என்று யாரும் பெயர் சொல்லி அடையாளம் காட்டவில்லை.

அடுத்த இதழில் அந்தப் பெண்ணின் பெயரை நீக்கியதாக ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இணையப் பதிப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நாட்டார் வழக்காறுகளைத் தொகுக்கும் ஒரு வாசகி