அரசு மருத்துவமனை நோயாளர் நலச் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், தலைமை மருத்துவர் அவர்களுக்கும், செவிலியர்கள், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டுப் பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "பெஞ்சும் ஃபேனும் வாங்கிக் கொடுத்தோம், சரி. வந்தவர் குணமாகிப் போக என்ன செய்தோம்?" என்று கேட்டார். இந்த ஆண்டு முழுக்க அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

செயற்குழுவினர் முறை போட்டுக்கொண்டு, மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தோம். அங்கே நிற்பவர்களில் சுகர், பி.பி.க்கு மாதாமாதம் வருபவர்களே அதிகம். ஓ.பி. சீட்டு, டாக்டர், மாத்திரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. அதற்கப்புறம்தான் சிக்கல். நான்கைந்து வகை மாத்திரைகள் ஒரே மஞ்சள் பையில் போகின்றன. சீட்டில் 1-0-1 என்று இருக்கும்; காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று பொருள். எழுத்தறியாத ஒரு பாட்டிக்கு அதில் என்ன புரியும்? சுகர் மாத்திரைகளில் மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடோ சாப்பிட்ட பிறகோ போட வேண்டும்; கிளிமிபிரைடை உணவுக்குச் சற்று முன்னால் போட வேண்டும். முன்னால் போட வேண்டியதைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சாப்பிடாமல் கிளம்பிய ஓர் அம்மா, நம் வரிசையிலேயே வியர்த்துக்கொட்டிச் சரிந்துவிட்டார். சுகர் இறங்கிவிட்டது. சிஸ்டர் ஓடிவந்து குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார். அதை நேரில் பார்த்த எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மருந்தாளுநரிடம் கலந்து பேசி, சூரியன், உச்சி வெயில், நிலா ஆகிய மூன்று படங்களோடு காகித உறைகள் அச்சிட்டோம். சாப்பாட்டுக்கு முன் என்றால் காலித் தட்டு, பின் என்றால் சோறு போட்ட தட்டு. மருந்தாளுநர் குறி போடுவார். மகளிர் குழுப் பெண்கள் வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு உறையாகக் காட்டி விளக்கி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். முதல் வாரம் ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்கிறாயே அம்மா" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இப்போது, "வீட்டில் கேட்டால் எப்படிச் சொல்வீங்க ஐயா?" என்று கேட்கிறோம். சந்தோஷமாகச் சொல்கிறார்கள். தவறாகச் சொல்பவர்கள் இத்தனை பேரா என்று எங்களுக்கே மலைப்பாக இருந்தது. இந்த ஆண்டு செய்ததில் உருப்படியான வேலை என்று நான் நினைப்பது இதைத்தான்.

"ஜி.எச். மாத்திரைக்கு வீரியம் இல்லை" என்று பாதியில் நிறுத்துபவர்களையும் சந்தித்தோம். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் இந்த மருந்துகளை வாங்கி அனுப்புகிறது. ஆய்வகத்தில் சோதித்துத் தேறியவையே விநியோகத்துக்கு வருகின்றன. இதைப் பொறுமையாகச் சொன்னால் பலர் கேட்டுக்கொள்கிறார்கள். பி.பி. மாத்திரையை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது, பக்கவாதம் வந்து விழும்போதுதான் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

பிரசவ வார்டில் பழுதாகிக் கிடந்த குழாய்களை மாற்றி, முழங்கையால் திறக்கும் குழாய்கள் பொருத்தினோம். சோப்புப் போட்டுக் கைகழுவ 40 முதல் 60 நொடி ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையைப் பார்க்க வரும் உறவினர்களும் கழுவிவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று சிஸ்டர்கள் கறாராக இருக்கிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம் என்று ஊர்மக்களைக் கேட்டுக்கொள்கிறேன். மஞ்சள் தொட்டி இரத்தம் பட்ட பஞ்சு போன்ற கழிவுக்கு. அதில் சாப்பாட்டுப் பொட்டலம் போடாதீர்கள்.

செய்ய முடியாததையும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்குத் தரப்படும் தேசியத் தரச் சான்றுக்கு 70 சதவீத மதிப்பெண்ணாவது வேண்டும். அதற்கு முன்னால் பெண்கள் வார்டின் கழிப்பறைகள் சரியாக வேண்டும். இருமுறை அடைப்பு எடுத்தும் நிலைமை மாறவில்லை. பழைய குழாயையே பெயர்த்து மாற்ற வேண்டும் என்கிறார் கொத்தனார். பிரசவத்துக்குத் துணை வரும் தாய்மார்கள் இன்னமும் வராந்தாவில் துண்டை விரித்துத்தான் படுக்கிறார்கள். இரண்டுக்கும் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறை அச்சிடும் செலவை வரும் ஆண்டும் தொடரவும், வராந்தாவுக்குக் கூரை போடத் தனியாக நிதி ஒதுக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்