ஆச்சிக்குத் தம்பி எழுதிக்கொண்டது

உ
சிவமயம்

சிங்கப்பூர்,
மாசி மாதம்.

அன்புள்ள ஆச்சிக்கு,

இங்கு நானும் மீனாளும் பிள்ளைகளும் நலம். அங்கே நீங்கள், அயித்தான், ஆத்தா எல்லோரும் நலமாக இருக்கக் குன்றக்குடியானை வேண்டிக்கொள்கிறேன்.

அயித்தானை மதுரையிலிருந்து தேவகோட்டைக்குக் கூட்டிவந்துவிட்டதாகச் செல்லப்பன் சொன்னான். கிட்னி கொடுத்த நீங்களே, வாங்கிக்கொண்டவரைக் கவனித்துக்கொண்டும் இருக்கிறீர்கள் என்றும் சொன்னான். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். 'போனில் சொன்னால் மறந்துபோகிறது, எழுதி அனுப்பு' என்று கேட்டீர்கள். டாக்டர் சொல்லாததை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மாற்றுக் கிட்னியோடு இந்த ஊரில் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

முதலில் மாத்திரை. டாக்ரோலிமஸ் காலை எட்டு, இரவு எட்டு என்றால் எட்டுதான். விருந்தாளி வந்திருக்கிறார், பூசை நடக்கிறது, பேச்சு சுவாரசியம் என்று தள்ளிப்போடக் கூடாது. நம் உடம்பு அந்தக் கிட்னியை என்றைக்குமே சொந்தம் என்று ஒத்துக்கொள்ளாது. அதன் எதிர்ப்பை அடக்கி வைப்பது இந்த மாத்திரைகள்தான். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ஆறு மாதம் கழித்து ஒருவர் குறைத்துக்கொண்டால், வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே கிட்னி கெட ஆரம்பிக்கும். ரத்தப் பரிசோதனைக்குப் போகிற நாளில் மட்டும் காலை மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். முந்தின வேளை மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதானே பார்க்கிறார்கள். மருந்துக்கடையில் 'அதே மருந்துதான், வேற கம்பெனி' என்று கொடுத்தால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். மருந்தின் அளவு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தொந்தரவுதான்.

இங்கே என் அலுவலகத்தில் எட்டு மணி அலாரம் அடித்தால், பக்கத்து மேசை மலாய்க்காரர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்குப் பிடித்த உதவி அதுதான். நம் ஊரில் அயித்தானைப் பார்க்க வருகிறவர்கள் 'ஐயோ, எப்படி இருந்த மனுஷன்' என்று ஆரம்பிப்பார்கள். அவர்களை முகப்பிலேயே உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்புங்கள். சளி, இருமல் உள்ளவர் என்றால் காபிகூட வேண்டாம், போனில் விசாரிக்கச் சொல்லிவிடுங்கள். முதல் சில மாதங்களில் மருந்து வீரியமாக இருக்கும், தொற்றும் சுலபமாக வரும். அதற்காக ஆயுசுக்கும் அறைக்குள் அடைத்து வைக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஊரில் எனக்கு மூன்று பொருள் ஆகாது, மூன்றும் இங்கே மரியாதைக்குக் கொடுப்பவை. சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி தலையளவு பம்பளிமாஸ் கொண்டுவந்து தருவார். கிரேப்ஃப்ரூட்டைப் போலவே அதுவும் குடலில் இந்த மருந்தைச் சிதைக்கிற நொதியைத் தடுத்துவிடும், ரத்தத்தில் மருந்து எகிறிவிடும். வாங்கி, கும்பிட்டு, கீழ் மாடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். அதே பண்டிகைக்கு அலுவலகத்தில் மேசையைச் சுற்றி நின்று பச்சை மீனும் காய்கறித் துருவலும் கலந்த யூஷெங்கைக் குச்சியால் தூக்கித் தூக்கிப் போட்டு வாழ்த்துவார்கள். நானும் தூக்கிப் போடுவேன், சாப்பிடமாட்டேன். 2015-ல் பச்சை நன்னீர் மீனால் நல்ல உடம்புக்காரர்களுக்கே தொற்று வந்து, அதைப் பச்சையாக விற்கக் கூடாது என்று இந்த அரசே தடை போட்டது. எனக்கு எந்த மீனும் பச்சையாக ஆகாது. மூன்றாவது, காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை. அதுதான் ரொம்பக் கஷ்டம். தேங்காய்ப்பால் ஜாம் தடவின காயா ரொட்டியோடு அதைச் சாப்பிடத்தானே இந்த ஊரில் காலையில் எழுந்திருக்கிறார்கள்!

நம் பக்கத்துச் சாப்பாட்டில் பயப்பட அவ்வளவு இல்லை. கல்யாண வீட்டில் இலையில் சுடச்சுடப் பரிமாறுவதைத் தாராளமாகச் சாப்பிடட்டும். காலையில் அரைத்து மத்தியானம் வரை வைத்த சட்னி, வெள்ளரிக்காய்ப் பச்சடி, ஐஸ் போட்ட ஜூஸ், டம்ளரில் வைக்கிற தண்ணீர், இவற்றைத்தான் தவிர்க்க வேண்டும். கொதித்து ஆறின தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போகட்டும். உப்புக்கண்டம், அப்பளம், ஊறுகாய் மூன்றையும் ஒதுக்குங்கள், ரத்த அழுத்தம் ஏறினால் அடிபடுவது புதுக் கிட்னிதான். கந்தரப்பம், கும்மாயம் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை பசியைக் கிளப்பும், டாக்ரோலிமஸும் சேர்ந்து சர்க்கரையைக் கூட்டும். இதற்கு முன் சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் வரலாம். முகம் உப்பினாலும் கை லேசாக நடுங்கினாலும் மருந்தின் வேலையாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

கோவில் விஷயம் சங்கடமானது, ஆனால் எழுதாமல் இருக்க முடியாது. அபிஷேகப் பாலும் தீர்த்தமும் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையில் தெளித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சாத பால், எங்கிருந்து எடுத்தது என்று தெரியாத தண்ணீர், இரண்டும் இப்போது அவருக்கு வேண்டாம். சூடான சர்க்கரைப் பொங்கலில் இரண்டு வாய், சுண்டல், தடை இல்லை. முத்துமாரியம்மன் பால்குடக் கூட்டத்துக்கு இந்த வருஷம் போகாமல் இருப்பது நல்லது. அடுத்த தைக்குப் பழனிக்கு நடக்க வேண்டும் என்கிறாராமே, அதை ஒரேயடியாக மறுத்துவிடாதீர்கள். நடை நல்லது, டாக்டரும் நடக்கத்தான் சொல்வார். இப்போது தெருக்கோடி வரை, அப்புறம் ஊருணி வரை என்று கூட்டிக்கொண்டே போகட்டும். வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். இந்த மருந்துகளால் தோலில் புற்றுநோய் வருவதற்கு வாய்ப்பு கூடும் என்று இங்கே ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறார்கள்.

இங்கே இந்தத் தைப்பூசத்துக்கு முந்தின நாள், டேங்க் ரோடு முருகன் கோவிலிலிருந்து கியோங் சைக் ரோட்டுப் பிள்ளையார் கோவிலுக்கு வெள்ளி ரதம் போனபோது நானும் பின்னால் நடந்தேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் ஓரமாக. ஐயா காலத்தில் நம்மவர்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டை இப்போது பார்த்தால் அவருக்கே அடையாளம் தெரியாது, எல்லாம் வங்கிக் கட்டடங்கள்.

வீட்டைப் பற்றி ஒன்று. வளவு மேலே புறா அடைகிறதே, அதன் எச்சத்தில் ஒரு வகைப் பூஞ்சை இருக்கும். காய்ந்து தூளாகிப் பறந்தால் நமக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அயித்தானுக்கு நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். வலை அடித்துவிடுங்கள். எச்சத்தை ஆள் வைத்து, நனைத்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் அவர் வீட்டிலேயே இருக்க வேண்டாம். பூட்டிக் கிடக்கிற இரண்டாங்கட்டு அறைகளை அவர் போய்த் திறந்து தூசி தட்டவும் வேண்டாம். சும்மா உட்கார்ந்தால் பழைய பெட்டியைக் கிண்டுவது அவர் வழக்கம் என்பதால் சொல்கிறேன்.

பேரனுக்குப் போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தால், முன்னதாக மதுரை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பு மருந்து குழந்தைக்குக் கட்டாயம் வேண்டும், ஊசியாகப் போடவும் முடியும். சொட்டு மருந்துதான் கொடுத்தார்கள் என்றால், சில வாரங்களுக்குப் பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிற வேலையைத் தாத்தா செய்ய வேண்டாம். அது உயிருள்ள கிருமி, மலத்தில் வெளியேறும்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, தினமும் எடை, ரத்த அழுத்தம், காய்ச்சல் அளவு, எவ்வளவு சிறுநீர் போனது என்று எழுதச் சொல்லுங்கள். ஐயாவின் பேரேட்டில் ஓரணா விடுபட்டால் இரவு தூங்காமல் தேடியவர் அயித்தான், சொல்லவே வேண்டியதில்லை. உடம்பு 100.4 டிகிரியைத் தொட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, இரண்டே நாளில் எடை ஏறினாலோ, கிட்னி வைத்த இடத்தில் வலித்தாலோ உடனே மதுரைக்குப் போன் போடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு 'காலையில் பார்க்கலாம்' என்று மட்டும் இருக்காதீர்கள். வயிற்றுப்போக்கையும் சாதாரணமாக எடுக்கக் கூடாது. நிலவேம்பு, கஷாயம், யாரோ கொடுத்த பொடி எதுவும் வேண்டாம். உள்ளூர் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினாலும் மதுரையில் ஒரு வார்த்தை கேட்ட பிறகு கொடுங்கள். சில ஆன்டிபயாடிக் டாக்ரோலிமஸை ஏற்றும், காசநோய் மாத்திரை ஒன்று அதை அடியோடு இறக்கிவிடும். அப்புறம், அடிவயிற்றில் கைக்குத் தட்டுப்படுகிறதே என்று பயப்படுகிறாராம். புதுக் கிட்னியை முன்பக்கம் இடுப்புக்குழியில்தான் வைப்பார்கள், பழைய இரண்டையும் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

எனக்குக் கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். இங்கே 1987-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத வரை, 21 வயது தாண்டிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இறந்த பிறகு கொடுக்கச் சம்மதித்தவர்களாகவே கணக்கு. முதலில் விபத்தில் இறந்தவர்களின் கிட்னி மட்டும், 2004-லிருந்து கல்லீரல், இதயம், கருவிழியும் சேர்ந்தன. எழுதிக் கொடுத்து விலகியவருக்குப் பின்னால் தேவைப்பட்டால் வரிசையில் பின்னால்தான் இடம். நம் ஊரில் அப்படி இல்லை, குடும்பம் சம்மதிக்க வேண்டும். கொடுத்தவர்களுக்கு 2023-லிருந்து தமிழ்நாட்டில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்கிறார்கள், நல்ல காரியம். வருஷா வருஷம் ஆபரேஷன் நடந்த நாளில் டேங்க் ரோடு கோவிலுக்குப் போவேன். பேர், நட்சத்திரம் கேட்பார்கள். சுவாமி பேருக்கே அர்ச்சனை செய்யச் சொல்லிவிடுவேன்.

அயித்தானுக்குக் கொடுத்தவர் எதிரிலேயே நிற்கிறார். அது அவருக்குப் பாரமாக இருக்கும். கோபப்படக்கூடத் தயங்குவார், அல்லது தேவையில்லாமல் கோபப்படுவார். இரண்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கம்போல அவரோடு சண்டை போடுங்கள்.

இனி உங்கள் விஷயம். நம் நாட்டில் உயிரோடு இருந்து கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொடுத்துவிட்டு வந்து மறுவாரமே அடுப்படியில் நிற்பதும் அவர்கள்தான். தையல் உள்ளே ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். கிணற்றில் தண்ணீர் இறைப்பது, அண்டா தூக்குவது எதுவும் வேண்டாம், சமையலுக்கு ஆள் வையுங்கள், பணம் நான் அனுப்புகிறேன். ஒரு கிட்னியோடு நன்றாக வாழலாம், அதில் சந்தேகம் வேண்டாம். 1954-ல் பாஸ்டனில் தன் இரட்டைச் சகோதரருக்குக் கொடுத்தவர் 2010 வரை, 79 வயது வரை இருந்தார். ஆனால் வருஷா வருஷம் ரத்த அழுத்தம், ரத்தத்தில் கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றும் உங்களுக்கும் பார்க்க வேண்டும். முட்டிவலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிப் போடுகிறீர்களே, அந்த டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மிச்சமிருக்கிற ஒரு கிட்னிக்கு அவைதான் ஆகாதவை. அயித்தானும் தொடக் கூடாது. வலிக்கு வேறு வழி டாக்டர் சொல்வார்.

செல்லப்பன் அயித்தானின் ரிப்போர்ட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். ஆபரேஷனுக்குப் பிறகு உங்களுடைய ஒரு ரிப்போர்ட்கூட எனக்கு வரவில்லை. பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள். அயித்தானுக்கு அடுத்த முறை மதுரை போகும்போது உங்களுக்கும் சேர்த்துச் சீட்டு போடச் சொல்லி அவனிடம் சொல்லிவிட்டேன். வைகாசியில் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் வருகிறோம். ஆத்தாவுக்குத் தைலம் வேண்டுமென்றால் செல்லப்பனிடம் சொல்லிவிடுங்கள், வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
தம்பி
மெய்யப்பன்