ஆய்வேட்டின் முதல் இயலில் வினா எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டமளிப்பு விழாக் காலங்களில் முதுகலை, முனைவர் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளின் படங்களும் அவர்களுடைய ஆய்வுத் தலைப்புகளும் தங்கள் நாளிதழில் வெளிவருவதைக் கண்டு மகிழ்பவர்களுள் நானும் ஒருவன். பினாங்கில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, மாணவர்கள் கொண்டுவரும் ஆய்வேடுகளைப் பிழைதிருத்திக் கொடுக்கும் வேலை தானாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த ஏடுகளில் சந்தியையும் நடையையும்விடப் பெரிய குறை முதல் இயலிலேயே இருக்கிறது. முன்னுரை பக்கம் பக்கமாக நீள்கிறது. ஆய்வாளர் எதைத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டார் என்பது மட்டும் விளங்குவதில்லை. இதற்கு மாணவர்களை மட்டும் பொறுப்பாக்க முடியாது என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகளில் வலிமிகும் இடங்களில் நேரும் பிழைகள் என்பது ஒருவரின் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். நல்ல தலைப்புதான். ஆனால் இத்தகைய தலைப்பில் எழுதப்படும் முன்னுரை, 1816-இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கப்பட்டதிலிருந்து ஆரம்பித்து, நாட்டின் கல்விமுறை பற்றிய 1951-ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை, 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, 1960-ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961, 1996 ஆகிய ஆண்டுகளின் கல்விச் சட்டங்கள் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வருவது வழக்கமாகிவிட்டது. இவை யாவும் உண்மை. தமிழ்க்கல்வி வரலாற்றை எழுதுபவருக்கு இன்றியமையாதவையும்கூட. ஆயினும் ஒரு பிள்ளை ‘படித்து பார்த்தேன்’ என்று ஒற்றை விட்டு எழுதியதற்கும் ரசாக் அறிக்கைக்கும் என்ன தொடர்பு என்பதை அந்த ஏடு கடைசிப் பக்கம் வரை சொல்வதில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பின்னரும், அத்தேர்வில் மாணவர்கள் சிறப்புத் தேர்ச்சி பெற இவ்வாய்வு துணைபுரியும் என்று ‘ஆய்வின் முக்கியத்துவம்’ பகுதியில் எழுதப்பட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மூத்த மாணவர் ஒருவரின் ஏட்டிலிருந்து இறங்கி வந்த வரி அது என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் திறமை தேவையில்லை.

அந்தத் தலைப்புக்கு வேண்டிய பின்னணி வேறு. வலிமிகும், வலிமிகா இடங்களுள் எவை எந்த ஆண்டின் பாடத்திட்டத்தில் வருகின்றன, மாணவர்கள் அவற்றை விதியாகப் படிக்கிறார்களா அல்லது எடுத்துக்காட்டுகள் வழியாகப் பழகுகிறார்களா, வகுப்பறைசார் மதிப்பீட்டில் ஒற்றுப்பிழை எப்படிக் கணிக்கப்படுகிறது, இதே பிழைகளை முன்பு ஆராய்ந்தவர்கள் எதுவரை சென்று நின்றார்கள் ஆகியவற்றைச் சொன்னால் போதும். நான்கைந்து பக்கங்களில் அடங்கிவிடும். ஒரு மாணவியிடம் இதைச் சொன்னபோது, “ஐயா, முன்னுரை அவ்வளவு குறைவாக இருந்தால் ஆய்வு செய்த மாதிரியே தெரியாதே” என்றார். பக்க எண்ணிக்கையைக் கொண்டு உழைப்பை அளக்கும் பழக்கத்தை அவர் எங்கிருந்து கற்றார் என்று கேட்டால், விரல் நம்மைப் போன்ற ஆசிரியர்களை நோக்கித்தான் நீளும்.

இனி ஆய்வு வினாக்கள். ‘மாணவர்களின் கட்டுரைகளில் ஒற்றுப்பிழைகள் காணப்படுகின்றனவா?’ என்பது அந்த ஏட்டின் முதல் வினாவாக இருக்கும். காணப்படுகின்றன என்று எந்தத் தமிழாசிரியரும் ஏட்டைத் திறக்காமலேயே சொல்லிவிடுவார். அதையடுத்துப் பிழைகளுக்கான காரணங்கள் யாவை என்றும், அவற்றைக் களையும் வழிமுறைகள் யாவை என்றும் வினாக்கள் வரும். முந்தைய பக்கத்தைப் புரட்டினால், பிழைகளை அடையாளங்காணுதல், காரணங்களைக் கண்டறிதல், வழிமுறைகளைப் பரிந்துரைத்தல் என்று ஆய்வு நோக்கங்கள் வரிசையாக நிற்கும். நோக்கத்தின் வாலை நறுக்கிக் கேள்விக்குறியை ஒட்டவைத்தால் அது ஆய்வு வினா என்று கொள்ளப்படுகிறது. தலைப்பை மட்டும் மாற்றினால் இதே வினாக்கள் வாசிப்புப் பழக்கத்துக்கும் பொருந்தும், பள்ளிக்கு மட்டம் போடுவதற்கும் பொருந்தும், டெங்கிக் காய்ச்சலுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வினாவைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுரைகளில் எதைக் குறித்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அந்த மாணவர் எப்படி முடிவு செய்வார்?

அதே தலைப்பில் வேறு மாதிரியும் கேட்கலாம். பேசும்போதோ வாய்விட்டுப் படிக்கும்போதோ மாணவர் ஒற்றை ஒலிக்கிற இடங்களில், அவரே எழுதும்போதும் ஒற்றை இடுகிறாரா? ‘அவனைப் பார்த்தேன்’ என்பது போல இரண்டாம் வேற்றுமை உருபை அடுத்து வரும் இடத்தில் நேரும் பிழையும், ‘குடும்பத் தலைவர்’ என்பது போன்ற தொகைகளில் நேரும் பிழையும் ஒரே அளவினவா? இப்படிக் கேட்டவுடன் செய்யவேண்டிய வேலை கண்முன் வந்து நிற்கிறது. கட்டுரைகளைத் திரட்டினால் மட்டும் போதாது, அதே மாணவர்களின் பேச்சையும் வாசிப்பையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிழையையும் இலக்கணச் சூழல் பார்த்து வகைப்படுத்த வேண்டும். முன்னுரையில் எது வேண்டும், எது வேண்டா என்பதும் அப்போதே தெளிந்துவிடும். விடை எப்படி வரும் என்பது கேட்பவருக்கே முன்கூட்டித் தெரியாது. வினா உயிருள்ளது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் அதுதான். களையும் வழிமுறைகளை வினாவாக வைக்க விரும்புபவர், ஒரு வழிமுறையை வகுப்பில் நடத்திப் பார்த்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டு எழுத வேண்டும். நடத்திப் பார்க்காதவர் அதை இறுதி இயலில் பரிந்துரையாகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

தலைப்பிலேயே ‘தாக்கம்’ என்று எழுதிவிட்டு வருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சமூக ஊடகங்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் தமிழ்மொழித் திறனில் ஏற்படுத்தும் தாக்கம் என்று தலைப்பிட்டு, கூகள் படிவம் ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, வந்த பதில்களை விழுக்காடாக்கிக் கொடுப்பது இப்போது பரவலாகிவிட்டது. ஒரே ஒருமுறை எடுத்த அத்தகைய கருத்தாய்வு, மாணவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதைக் காட்டும்; இன்னதால் இன்னது விளைந்தது என்பதைக் காட்டாது. திறன் குறைந்த மாணவர் ஊடகத்தை அதிகம் நாடுகிறாரா, ஊடகத்தை நாடியதால் திறன் குறைந்ததா, வீட்டில் தமிழ் பேசாதது போன்ற மூன்றாவது காரணம் இரண்டையும் இழுத்து வருகிறதா என்பது அதில் தெரிய வழியில்லை. கருவியால் விடைகாண முடியாத வினாவை முதல் இயலிலேயே மாற்றி எழுதியிருந்தால், வாய்மொழித் தேர்வில் அந்த மாணவர் திணறியிருக்க மாட்டார்.

‘இத்தலைப்பில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை’ என்னும் வாக்கியத்தையும் நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். எங்கே தேடினார்கள்? மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இத்ரிசு கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளையும் தோட்டப்புற மக்களையும் பற்றி அம்மொழிகளில் எழுதியவற்றைத் தொடாமல், தமிழில் எழுதியவற்றை மட்டும் பார்த்துவிட்டு இடைவெளி இருக்கிறது என்று அறிவிப்பது ஆபத்தானது. மலாயில் படித்துத் தேறிய மாணவர்கள் மலாய் ஆய்வேடுகளைத் தவிர்ப்பது ஏன் என்பது எனக்கு இன்றளவும் புரியவில்லை. யாரும் செய்யவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், அது ஒன்றே செய்வதற்குரிய காரணம் ஆகிவிடாது. செய்யாமல் விட்டதால் நமக்கு எது தெரியாமல் போயிற்று என்பதையும் முன்னுரை சொல்லியாக வேண்டும்.

ஆய்வு முன்னுரைகளின் அமைப்பை ஆராய்ந்த மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ், 1990-இல் செம்மைப்படுத்திய தம் மாதிரியில், ஆய்வுக் களத்தைக் காட்டுதல், அக்களத்தில் நிரம்பாத இடத்தைக் காட்டுதல், அவ்விடத்தைத் தாம் நிரப்பப்போவதைச் சொல்லுதல் என்று மூன்று நகர்வுகளைக் குறித்தார். நம் மாணவர்கள் முதல் நகர்விலேயே தங்கிவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. இங்கே சிலர் குறுக்கிட்டு, நன்னூல் பாயிரத்திலேயே இவை எல்லாம் இருக்கின்றனவே என்பார்கள். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டும், காலம், களன், காரணம் என மேலும் மூன்றும் அங்கே கூறப்பட்டுள்ளன என்பது மெய்யே. ஆனால் அந்தப் பதினொன்றில் வினா இல்லை. தெளிந்த பொருளைக் கற்பிக்க வரும் நூலுக்கு அது தேவைப்படவும் இல்லை. தெளியாத ஒன்றைத் தேடிச் செல்லும் ஆய்வேட்டுக்கோ அதுவே அடிப்படை. நூலாசிரியரின் ஆசிரியரோ உடன்கற்றவரோ மாணாக்கரோ உரைகாரரோ சிறப்புப்பாயிரம் எழுதலாம் என்றும் நன்னூல் இடம் தருகிறது. கூலிக்கு முன்னுரை எழுதிக் கொடுப்பவர்களுக்கு அது சாக்காகிவிடக் கூடாது!

வரலாற்றுத் தலைப்புகளில் வேறொரு சிக்கல்: ஆய்வு எல்லையைக் கடைசியில் கத்தரித்து ஒட்டுகிறார்கள். மலாயாத் தோட்டப்புறத் தமிழர் வாழ்வு என்று தொடங்கி, நேரமின்மையால் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை மட்டும் என்று எழுதுவது எல்லை ஆகாது. இந்திய அரசு 1938-இல் உடலுழைப்புத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அழைத்து வருவதைத் தடைசெய்தபோது, இங்கு வெளிவந்த தமிழ் நாளேடுகள் அதைத் தொழிலாளிக்குக் கிடைத்த நன்மையாகப் பார்த்தனவா, இழப்பாகப் பார்த்தனவா, அந்தப் பார்வை போகப் போக மாறியதா என்று கேட்டுப் பாருங்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் போன்ற ஏடுகளின் பழைய இதழ்களே சான்று; 1938-இல் தொடங்கி, ஜப்பானியர் படையெடுத்து வந்த 1941 டிசம்பரில் முடியும் காலம் எல்லை. நேரமின்மையைச் சாக்கிட வேண்டிய தேவையே எழவில்லை, காலத்தை வினாவே வரையறுத்துவிட்டது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் கல்விக் கழகங்களின் பயிற்சி ஆசிரியர்கள் எழுதும் செயலாய்வுகளின் முன்னுரைகள், என் பார்வையில், பல முதுகலை ஆய்வேடுகளின் முன்னுரைகளைவிட மேலானவை. தாம் நடத்திய பாடத்தை மீள்நோக்கி, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறினான் என்று பயிற்சி நூலைப் பார்த்து எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருப்பதால், சிக்கல் முதல் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. லகர, ளகர, ழகரங்களைக் குழப்பி எழுதிய மூன்று பிள்ளைகளைப் பற்றிப் பேசும் முன்னுரை, தமிழின் தொன்மையிலிருந்து இறங்கி வர முடியாது. வந்தால் பிள்ளைகள் அதற்குள் ஆண்டிறுதி விடுமுறைக்குப் போய்விடுவார்கள்.

1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திய நகரம் கோலாலம்பூர். 1987-இலும் 2015-இலும் அது மீண்டும் இங்கே கூடியது. அந்தப் பெருமையைப் பேசும் நாம், ஆய்வு மாநாடுகளின் அழைப்பில் தலைப்பையும் ஆய்வுச் சுருக்கத்தையும் மட்டும் கேட்காமல், கட்டுரையாளர் விடைகாணும் வினாவை ஒரே வாக்கியத்தில் தனியே எழுதித் தரும்படி கேட்கலாம். வினா இல்லாதவற்றைத் திருப்பி அனுப்பலாம். மேற்பார்வையாளர்கள் முதல் இயலின் முப்பது பக்கங்களை வாங்குவதற்கு முன், சிக்கலும் வினாக்களும் மட்டும் அடங்கிய ஒரு பக்கத்தை வாங்கி, அதை இரண்டு மூன்று முறை திருப்பி எழுதவைக்கலாம். ஏழெட்டு வினாக்களை அடுக்குபவரிடம் எதை எந்த இயலில் விடுவிப்பீர்கள் என்று கேட்டாலே பாதி உதிர்ந்துவிடும். முன்னுரையின் இறுதி வடிவத்தை முடிவுகள் கையில் கிடைத்த பிறகே எழுதச் சொல்வதும் நல்லது, தரவைப் பார்த்தபின் வினா கூர்மைப்படுவது இயல்பு என்பதால். அவ்வாறு மாற்றியதை மறைக்காமல் ஏட்டில் குறிப்பிடவும் வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி முனைவர் பட்டம் பெற்றோரைப் பற்றிய செய்தி வெளியிடும்போது, படத்துக்கும் தலைப்புக்கும் கீழே அவர்கள் கேட்ட வினாவையும் அதற்குக் கண்ட விடையையும் இரண்டு மூன்று வரிகளில் அவர்களிடமே கேட்டு வாங்கிப் பதிப்பிக்க இயலுமா? ஞாயிறு பதிப்பில் அதற்கு ஒரு மூலை ஒதுக்கினாலும் போதும். அடுத்து ஆய்வு தொடங்கவிருக்கும் பிள்ளைகள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு.