சாய்வை அளக்காமல் பலகை அறுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

கார் டிக்கியில் ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்கள் நீள அகலத்தை அளந்ததும் ரம்பத்தை எடுத்துவிடுகிறார்கள். பின்சீட்டின் சாய்வையும் அளக்க வேண்டும். வண்டி சரிவில் நின்றால் செல்போன் கோணமானி பொய் சொல்லும். முதலில் டிக்கித் தரையில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பிறகு சீட்டு முதுகில், இருபக்கமும் வையுங்கள். தரையிலிருந்து 70 டிகிரி காட்டினால், செங்குத்திலிருந்து சாய்வு 20 (90-இல் 70 போக).

பெட்டியின் உள் உயரம் 35 செ.மீ. என்றால் மேல்பக்க ஆழம் 12.7 செ.மீ. குறையும். சாய்வுப் பலகையை 35-க்கே அறுப்பதுதான் வழக்கமான தவறு; 37.2 வேண்டும், மேல், கீழ் விளிம்புகளை 20 டிகிரி சாய்த்து அறுக்கவும் வேண்டும். நேராக அறுத்தால் மூட்டில் இடைவெளி விழும், காற்று கசியும், பேஸ் (தாழ்ந்த ஒலி) செத்துவிடும். இரண்டே டிகிரி தவறினாலும் உச்சியில் 1.4 செ.மீ. இடிக்கும். (கண்ணளவு தோசை வார்க்கப் போதும்!)

கொள்ளளவுக்கு மேல், கீழ் ஆழங்களின் சராசரியை எடுத்து உயரத்தாலும் அகலத்தாலும் பெருக்குங்கள்: கீழ் ஆழம் 40, மேல் ஆழம் 27.3, உயரம் 35, அகலம் 50 செ.மீ. என்றால் சுமார் 59 லிட்டர். ஸ்பீக்கர் அடைக்கும் இடத்தைக் கழியுங்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) 18 மி.மீ. போதும்.

முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். பெட்டியைத் தரையோடு போல்ட் போடுங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அது சும்மா இருக்காது.

ஒலிப்பெட்டித் தச்சர்கள்,
சேலம்.