பூ வெங்காயத்தைக் கொல்வது குளிர் அல்ல, ஈரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அல்லியம் எனப்படும் அலங்கார வெங்காயங்களை உறைபனி நாடுகளில் நட்டு, மறு ஆண்டு ஒன்றும் முளைக்காமல் போனால், "குளிர் தாங்கவில்லை" என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். பழி தவறான இடத்தில் விழுகிறது. பந்து பந்தாகப் பூக்கும் வகைகளில் பலவற்றின் தாயகம் மத்திய ஆசியாவும் அதை ஒட்டிய மலைநாடுகளும். கராத்தாவியென்சே என்ற வகைக்குப் பெயரே கசகஸ்தானின் கராத்தாவ் மலையிலிருந்து வந்தது. கடுங்குளிர், குறுகிய வசந்தம், வறண்ட கோடை என்பதே அவற்றுக்குப் பழகிய வாழ்க்கை. கோடையில் உறங்கும் கிழங்கைச் சுற்றி நீர் தேங்கினால், வேர்விடும் அதன் அடித்தட்டு அழுகிவிடும். அடுத்த வசந்தத்தில்தான் அது நம் கண்ணுக்குத் தெரியும். குற்றமோ குளிர்காலத்தின் தலையில் ஏறும்.

ஆகவே முதல் வேலை வடிகால். களிமண்ணாக இருந்தால் 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எழுப்பி, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பருமணலோ சிறுசரளையோ கலக்க வேண்டும். குழியின் அடியில் மட்டும் சரளை போடுவது பயன்தராது. சுற்றிலும் களிமண் இருக்க, அந்தக் குழியே கிண்ணமாகி நீரைப் பிடித்துக்கொள்ளும். முழுப் பாத்தியும் வடிய வேண்டும். மட்காத தொழுவுரம் வேண்டவே வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் தாள் தளதளவென்று வளரும், கிழங்கு மென்மையாகி அழுகலுக்கு இடம்கொடுக்கும்.

நடும் காலம் பற்றி உங்கள் இதழின் தோட்டப் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தின் பெயரைச் சொல்லி "நடவும்" என்று எழுதுவதைவிட மண்ணின் வெப்பத்தைச் சொல்லுங்கள். 15 செ.மீ. ஆழத்தில் மண் ஏறக்குறைய 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிய பிறகு, தரை உறைவதற்குக் குறைந்தது ஐந்தாறு வாரம் மீதமிருக்கும்போது நட வேண்டும். அதற்குள் வேர் பிடித்துவிடும். இலை வெளியே வராது. சீக்கிரம் நட்டால் தளிர் தலைநீட்டிப் பனியில் கருகும். தாமதித்தால் வேரில்லாத கிழங்கு உறைந்த மண்ணில் சும்மா கிடக்கும். வசந்தத்தில் வாங்கி நடுவதும் வீண்தான்: நீண்ட குளிரை அனுபவிக்காத கிழங்கு பூத்தண்டு விடுவதில்லை.

ஆழத்தைக் கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு என்று கணக்கிடலாம். ஜைகாண்டியம், குளோப்மாஸ்டர் போன்ற பெரியவற்றுக்கு 15 முதல் 20 செ.மீ. ஆழமும் 30 செ.மீ. இடைவெளியும் தேவை, சிறியவற்றுக்கு 8 முதல் 10 செ.மீ. இடைவெளி போதும். மேலோட்டமாக நட்டதை, மண் உறைந்து இளகி மறுபடி உறையும்போது தரையே மேலே தள்ளிவிடும். அதைத் தடுக்கச் சருகையோ பைன் ஊசியிலையையோ 5 முதல் 10 செ.மீ. பரப்பலாம், ஆனால் தரை உறைந்த பிறகுதான். முன்கூட்டியே பரப்பினால் எலிகள் குடியேறும், மண்ணும் ஆறாது. வெண்பனி கனமாகப் படியும் இடத்தில் அந்தப் பனியே போதிய மூடாக்கு.

வசந்தத்தில் பயப்பட வேண்டாத ஒன்றைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். பூ விரியும் வேளையிலேயே பெரிய வகைகளின் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகும். அது நோயல்ல, அவற்றின் இயல்பு. நோயென்று எண்ணி நீரை ஊற்றுவதுதான் கேடு. பச்சையாக இருக்கும் தாளை வெட்டவும் கூடாது. குறுகிய பருவத்தில் அடுத்த ஆண்டின் பூவுக்கான உணவைச் சேர்க்க அதற்குக் கிடைப்பதே சில வாரங்கள்தான். பார்க்கப் பிடிக்காவிட்டால் முன்னால் ஜெரேனியம், நெப்பெட்டா போன்ற பூச்செடிகளை நட்டு மறைத்துவிடலாம்.

கோடையும் ஈரமாகவே இருக்கும் ஊர்களில், பெரிய கிழங்குகளோடு மல்லுக்கட்டுவதைவிட மண்ணுக்குள் கிடையாக வளரும் வேர்த்தண்டில் கொத்தாக வளரும் வகைகளுக்கு மாறுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தலைகவிழ்ந்து பூக்கும் செர்னுவம், செனெசென்ஸ், நூட்டன்ஸ், சமையலுக்கும் உதவும் சைவ்ஸ் ஆகியவை இந்த இனம். சைவ்ஸ் −40 டிகிரியையும் தாங்கும். கோடை முழுதும் பச்சையாக இருப்பதால் இவற்றுக்கு மிதமான நீர் பிடிக்கும். வசந்தத்தில் நடலாம், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரிக்கலாம். செர்னுவமும் சைவ்சும் விதை சிந்திப் பாத்தியையே பிடித்துக்கொள்ளும். பூ வாடியதும் தலையைக் கொய்துவிடுங்கள். இந்தத் தொல்லை வேண்டாதவர்களுக்கு, விதை அரிதாகவே பிடிக்கும் 'மில்லேனியம்' என்ற வகை உண்டு. நடுக்கோடைக்குப் பின் பூக்கும்.

விதையிலிருந்து வளர்ப்போர் புது விதையை ஈரமணலில் கலந்து 4 டிகிரி அளவில் இரண்டு மூன்று மாதம் வைத்து விதைக்கலாம். வேர்த்தண்டு வகைகள் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் பூக்கும்; பெரிய பந்துகளுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு பொறுக்க வேண்டும்.

வெங்காயமோ பூண்டோ வெள்ளை அழுகல் என்ற பூஞ்சை நோய் கண்ட மண்ணில் இவற்றை நடாதீர்கள். அந்தப் பூஞ்சை இருபது ஆண்டுகூட மண்ணில் உயிரோடிருக்கும். நாய், பூனை வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: எல்லா அல்லியமும் அவற்றுக்கு நஞ்சு. மீந்த கிழங்குகளை அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்