பினோக்கியோவின் பசி

ஆசிரியருக்கு,

வணக்கம். பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மைச் சிறுவன் பினோக்கியோ இன்றளவும் நிலைத்திருப்பதற்கு 1940இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் படமே முதன்மைக் காரணம் என்று தங்கள் இதழின் சிறார் இலக்கியக் கட்டுரை கூறியிருந்தது. அந்தப் பெயரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்ததில் படத்துக்குள்ள பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால், இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொலோடி எழுதிய மூல நாவல் 1892ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது என்பதையும், அதற்கு முன்பே இத்தாலியச் சிறுவர்கள் அதை விரும்பிப் படித்தார்கள் என்பதையும் கட்டுரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

1881ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு சிறுவர் இதழில் தொடராகத் தொடங்கிய இக்கதையை, பதினைந்தாவது அத்தியாயத்தில் பினோக்கியோவைக் கருவாலி மரத்தில் தூக்கிலிட்டு, அத்துடன் முடித்துவிட்டார் கொலோடி. வாசகர்கள் விடவில்லை, இதழை நடத்தியவர்களும் வற்புறுத்தவே, சில மாத இடைவெளிக்குப் பிறகு மீண்டும் எழுதத் தொடங்கி, 1883இல் முப்பத்தாறு அத்தியாயங்களில் நிறைவு செய்தார். இவ்வளவு கொடுமையான முடிவைப் படித்த பிறகும் வாசகர்கள் தொடர்ச்சியைக் கேட்டார்கள் என்பதே, குழந்தைகளுக்கு மென்மையானவற்றை மட்டுமே தர வேண்டும் என்ற கட்டுரையாளரின் கருத்துக்குப் போதிய மறுமொழி என்று கருதுகிறேன்.

இந்நாவலின் உயிர் அதன் வறுமைச் சித்திரிப்பில்தான் இருக்கிறது. பினோக்கியோவை மரத்தில் செதுக்கிய தச்சர் ஜெப்பெட்டோவின் வீட்டுச் சுவரில் எரியும் அடுப்பும் அதன்மேல் கொதிக்கும் பானையும் வெறும் ஓவியமாகவே இருக்கின்றன. பசியோடு ஓடிச்சென்று பானையைத் திறக்கப் பார்த்து ஏமாந்துபோகும் பினோக்கியோவின் மூக்கு அந்த இடத்தில் நான்கு விரற்கடை நீள்கிறது. அவன் பொய் எதுவும் சொல்லாத இடம் அது. மறுநாள் காலை, தமக்கென வைத்திருந்த மூன்று பேரிக்காய்களையும் ஜெப்பெட்டோ அவனிடம் கொடுக்கிறார். தோலைச் சீவித் தந்தால்தான் தின்பேன் என்று அடம்பிடிப்பவன், பசி அடங்காமல் கடைசியில் அந்தத் தோலையும் நடுத்தண்டையும்கூட மிச்சம் வைக்காமல் தின்றுவிடுகிறான். பிறகு, பனி கொட்டும் நாளில் தம்முடைய ஒரே மேலங்கியை விற்று அவனுக்கு அரிச்சுவடி வாங்கி வரும் ஜெப்பெட்டோ, ஏன் விற்றீர்கள் என்று அவன் கேட்டதற்கு, போட்டால் புழுங்குகிறது என்று மட்டும் சொல்கிறார். பிள்ளையின் படிப்புக்காகத் தன் தேவையைக் குறைத்துக்கொண்ட பெற்றோரை அறிந்த எந்தக் குழந்தைக்கும் இக்காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பொய் சொன்னால் மூக்கு நீளும் என்ற ஒற்றை நீதியாக இந்நூலைச் சுருக்கும் பதிப்புகளில் முதலில் வெட்டுப்படுவன இத்தகைய பகுதிகளே. நான்காவது அத்தியாயத்தில், அறிவுரை சொன்ன சிள்வண்டை ஆத்திரத்தில் சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடும் பினோக்கியோவையும் அவற்றில் காண முடிவதில்லை. (படத்தில் அந்தச் சிள்வண்டு கடைசிவரை அவனுக்குத் துணையாகவே வருகிறது.) தவறு செய்து, அதன் விளைவைத் தன் உடம்பிலேயே பட்டு, மறுபடியும் அதே தவறைச் செய்கிற சிறுவன் என்பதால்தான் பிள்ளைகள் அவனைத் தங்களில் ஒருவனாக ஏற்கிறார்கள்.

எனவே, விடுமுறைக்கால நூல் பரிந்துரைப் பட்டியலைத் தாங்கள் அடுத்து வெளியிடும்போது, இந்நாவலின் சுருக்கங்களைத் தவிர்த்து, முப்பத்தாறு அத்தியாயங்களும் கொண்ட முழு வடிவத்தையே பெற்றோருக்கும் பள்ளி நூலகங்களுக்கும் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்