சூடேறினால் சிக்னல் விடும் கிராங்க் சென்சார்: நிராகரித்த உத்தரவாதக் கோரிக்கை குறித்த புகார்

அனுப்புநர்:
பொறுப்பாளர், இன்ஜின் வேலைப் பிரிவு,
கார் பழுதுபார்க்கும் பட்டறை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் புகார் பிரிவு,
சென்சார் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: இரண்டு ஒயர் கிராங்க் சென்சார், சூட்டில் காயில் (உள்ளே சுற்றிய செம்புக் கம்பி) அறுபடுவது தொடர்பாக.

ஐயா,

எங்கள் பட்டறையில் ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து) கட்டிய நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் உங்கள் தயாரிப்பான கிராங்க் சென்சாரைப் புதிதாகப் போட்டோம். கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் பல் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடப்பதை இன்ஜின் கணினிக்குச் சொல்வது இதுதான். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் அது சிக்னல் தருவதை நிறுத்திவிடுகிறது. மாற்றித் தரும்படி அனுப்பினோம். “மின்தடை 905 ஓம், அளவுக்குள் உள்ளது. சென்சாரில் குறை இல்லை. இன்ஜின் வேலையின்போது பல் சக்கரம் சேதமாகியிருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கவும்” என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

அந்த 905 ஓம் உண்மைதான். எங்கள் மீட்டரும் அதையேதான் காட்டியது. ஆனால் அது அறை வெப்பத்தில் எடுத்த அளவு. இந்தச் சென்சாரின் குறை 90 டிகிரி செல்சியஸை எட்டும்போதுதான் வெளியே வருகிறது. ஆறிப்போன சென்சாரை மேசையில் வைத்து எத்தனை முறை அளந்தாலும் அது நல்ல சென்சாராகவே தெரியும். எங்கள் புகாரின் மையமே இதுதான்: குறையைக் காட்ட முடியாத ஒரு சோதனையை வைத்துக் குறை இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள்.

காலையில் வண்டி ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. சுமார் 25 நிமிடம் ஓடிய பிறகு ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் படக்கென்று பூஜ்யத்துக்கு விழுகிறது, அதே நொடியில் இன்ஜின் நிற்கிறது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் நிற்கும்போது வரும் இழுப்போ திணறலோ இல்லை. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல நிற்கிறது. மறுபடி செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றும், ஆனால் ஸ்கேனரில் (இன்ஜின் கணினியைப் படிக்கும் கருவி) ஆர்.பி.எம். 0 என்றே இருக்கும். கிராங்க் சிக்னல் வராவிட்டால் இ.சி.யு. (இன்ஜின் கணினி) பெட்ரோல் பம்ப் ரிலேயை இயக்காது, ஸ்பார்க்கும் கொடுக்காது. இந்த இடத்தில்தான் பலர் பம்பையும் இக்னிஷன் காயிலையும் வீணாக மாற்றுகிறார்கள். 40 நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும்.

இன்ஜினைக் கழற்றிக் கட்டியதும் வரும் கோளாறுக்கு முதலில் கட்டியவர் கையைச் சந்தேகிப்பது நியாயம்தான். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். கிராங்க் ஷாஃப்ட்டை கிரைண்டிங்குக்கு அனுப்பும்போது பல் சக்கரம் அடிபட்டு ஒரு பல் வளைவது உண்டு. விரிசல் பார்க்கக் காந்தச் சோதனை செய்துவிட்டு, பிறகு காந்தத்தை நீக்காமல் விட்டால் சிக்னல் கெடுவதும் உண்டு. புது இன்ஜினில் முதல் ஓட்டத்தில் வரும் இரும்புத் துகள் சென்சாரின் காந்த முனையில் தாடிபோல ஒட்டிக்கொள்ளும். பிளாக்குக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, பெயின்ட்டின் மேலேயே எர்த் பட்டையை முறுக்கிவிடுவதும் நடக்கிறதுதான். இவை ஒவ்வொன்றையும் பார்த்து விலக்கிய பிறகே உங்களுக்குச் சென்சாரை அனுப்பினோம்.

பல் சக்கரத்தைப் பார்க்கக் கியர்பாக்ஸை இறக்கத் தேவையே இல்லை என்பதையும் உங்கள் பரிசோதகருக்குச் சொல்ல விரும்புகிறோம். சென்சாரைக் கழற்றிய ஓட்டை வழியாக விளக்கடித்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பினால் ஒவ்வொரு பல்லும் கண்முன் வந்துபோகும். இந்தச் சக்கரம் 60 பல்லுக்கான பிரிவில் 2 பல் இல்லாதது. 58 பல்லையும் எண்ணினோம், எதிலும் அடியோ சிராய்ப்போ இல்லை. அதே ஓட்டைக்குள் டெப்த் வெர்னியரை விட்டு, சுற்றிலும் 12 பற்களில் ஆழம் எடுத்தோம். சென்சார் உட்காரும் முகத்திலிருந்து பல் நுனிவரை 25.9 மி.மீ., அதிகபட்ச வேறுபாடு 0.06 மி.மீ. உங்கள் சென்சாரின் நீளம் 24.9 மி.மீ. ஆக இடைவெளி 1.0 மி.மீ. நீளத்தில் உங்கள் பொருள்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. முனையில் கொஞ்சம் துகள் இருந்தது, துடைத்தோம். அதற்குப் பிறகும் அதே கோளாறு. கிராங்க் ஷாஃப்ட்டின் நீளவாட்ட ஆட்டம் 0.12 மி.மீ. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் பிளாக்குக்கும் இடையே 0.08 வோல்ட் மட்டுமே. சென்சார் கப்ளரிலிருந்து இ.சி.யு. வரை இரண்டு ஒயரும் அரை ஓமுக்குள் இருந்தன. எர்த்துக்குக் கசிவு இல்லை. சூடான நிலையில் ஒயரிங்கை ஆட்டியும் இழுத்தும் பார்த்தோம், எந்த மாற்றமும் இல்லை.

அடுத்து சென்சார். நல்ல வேளையாக ஒப்பிட்டுப் பார்க்க வண்டியோடு வந்த பழைய சென்சார் கையில் இருந்தது. ஓ ரிங் ஓட்டையில் இறுகிப்போனதால், கழற்றும்போது அதன் போல்ட் போடும் காது உடைந்துவிட்டது. புதிது வாங்கியதற்குக் காரணம் அது ஒன்றுதான், அதன் காயிலில் பழுது இல்லை. இரண்டையும் ஒரே இரும்புக் கிண்ணத்தில் இன்ஜின் ஆயிலுக்குள் முனை மூழ்கும்படி தொங்கவிட்டு, மின் அடுப்பில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று டிகிரி ஏறும்படி மெதுவாகச் சூடாக்கினோம். ஹீட் கன் வைத்தால் மேல் பிளாஸ்டிக் சுடும், உள்ளே காயில் ஆறியிருக்கும், அந்த அளவை நம்ப முடியாது. மீட்டர் முனையைக் கையால் பிடிக்காமல், கப்ளர் பின்னை மாட்டியே அளந்தோம்.

பழைய சென்சார் 27 டிகிரியில் 890 ஓம், 110 டிகிரியில் 1172 ஓம். செம்புக் கம்பி சூட்டில் இப்படி ஏறுவது இயல்பு, டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். உங்கள் சென்சாரும் முதலில் அதே பாதையில்தான் போனது: 27 டிகிரியில் 905, 60 டிகிரியில் 1020, 80 டிகிரியில் 1088. 90 டிகிரிக்கு மேல் மீட்டரில் கடைசி எண்கள் துள்ளத் தொடங்கின. 92 டிகிரியில் எண்ணே போய் ‘திறந்த சுற்று’ என்று காட்டியது. ஆயில் ஆறி 70 டிகிரிக்கு வந்ததும் பழையபடி ஓம் வந்துவிட்டது. மூன்று முறை செய்தோம். அறுபட்டது 92, 90, 91 டிகிரிகளில். காயிலின் மெல்லிய கம்பி பின்னோடு சேரும் இடத்தில் பற்றுவைப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்பது எங்கள் கணிப்பு. உள்ளே ஊற்றிய ரெசின் செம்பைவிட அதிகம் விரியும். விரியும்போது அந்த இணைப்பை இழுத்துப் பிரிக்கிறது, ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்ள விடுகிறது.

வண்டியிலேயே ஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) மாட்டியும் பார்த்தோம். 60 பிரிவுச் சக்கரத்தில் ஒரு வசதி உண்டு, ஆர்.பி.எம். எவ்வளவோ அவ்வளவே ஹெர்ட்ஸ். குளிர்ந்த நிலையில் 250 ஆர்.பி.எம்.மில் செல்ஃப் அடிக்கும்போது உச்சிக்கு உச்சி 2.2 வோல்ட், ஐடிலில் 800 ஹெர்ட்ஸில் 7 வோல்ட் அளவுக்கு. அழகான அலை, பல் இல்லாத இடத்தில் சுற்றுக்கு ஒரு இடைவெளி. சூடேறி நிற்பதற்குச் சில நொடிகள் முன்னால் அலையில் திடீரென்று மூன்று பல் காணாமல் போனது, அடுத்த சுற்றில் வேறு இடத்தில் ஏழு பல், அதற்கடுத்து ஒரு சுற்று முழுசாக வந்தது, பிறகு நேர்கோடு.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் உங்கள் நிராகரிப்பு இங்கேதான் தடம் மாறியிருக்கிறது. இ.சி.யு.வில் முதலில் பதிவான பழுதுக் கோட் பி0336, பிறகுதான் பி0335 (சென்சார் சுற்றில் கோளாறு). பி0336 என்பது சிக்னல் வருகிறது, ஆனால் பல் கணக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். அதைப் பார்த்துத்தான் பல் சக்கரம் சேதம் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். பல் உடைந்திருந்தால் குறை ஒவ்வொரு சுற்றிலும் அதே பல்லில், பல் இல்லாத இடத்திலிருந்து அதே தூரத்தில் வந்தே தீர வேண்டும். குளிர்ந்த இன்ஜினிலும் வர வேண்டும். எங்கள் பதிவில் குறை சுற்றுக்குச் சுற்று இடம் மாறுகிறது, சூட்டில் மட்டும் வருகிறது. சக்கரத்தில் உள்ள பழுது இடம் மாறாது. இடம் மாறுவது காயிலோ ஒயரிங்கோ விட்டு விட்டுப் பிடிப்பதன் அடையாளம். ஒயரிங்கை ஏற்கெனவே விலக்கிவிட்டோம்.

கடைசியாக, காது உடைந்த பழைய சென்சாரை ஒரு தகட்டுப் பட்டையால் அழுத்திப் பிடித்து, அதே 1.0 மி.மீ. இடைவெளியில், அதே ஒயரிங்கில் வைத்து ஒன்றரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டோம். ரேடியேட்டர் விசிறி பலமுறை சுற்றி நின்றது. ஒரு பல்கூட விடவில்லை. உங்கள் சென்சாரைத் திரும்ப மாட்டினோம், 24ஆம் நிமிடம் நின்றது.

பெட்டிக்குள் வரும் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஒயர் காயில் சென்சாருக்கும் மூன்று ஒயர் ஹால் சென்சாருக்கும் ஒரே தாளைப் போட்டு, ‘ஓம் பார்த்துச் சரிபார்க்கவும்’ என்கிறீர்கள். ஹால் சென்சாருக்குள் இருப்பது எலக்ட்ரானிக் சுற்று. அதில் ஓம் பார்ப்பதற்குப் பொருளே இல்லை. அதற்குச் சப்ளை வருகிறதா, எர்த் சரியா, பல் கடக்கும்போது சிக்னல் ஒயர் ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு ஒயர் சென்சாரில் எந்தப் பின் பிளஸ் என்றும் தாளில் இல்லை. ஒயர் மாறினால் அலை தலைகீழாகும், இ.சி.யு. பல்லின் நடுவைப் பிடிக்காமல் அரைப் பல் தள்ளிப் பிடிக்கும். இந்தச் சக்கரத்தில் அது 3 டிகிரி ஸ்பார்க் டைமிங் பிழை. ஓமில் அதுவும் தெரியாது.

ஓடும் வண்டியில் இன்ஜின் திடீரென நின்றால் பவர் ஸ்டீயரிங் உதவி போகும். பிரேக் பூஸ்டரில் மிச்சமுள்ள வேக்கம் சில மிதிக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பின்னால் லாரி வரும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு சென்சாரை மாற்றித் தந்து இதை முடித்துவிடாதீர்கள் என்கிறோம்.

எங்களிடம் உள்ள உங்கள் சென்சாரை மறுபடி வாங்கி, ஆயிலில் 120 டிகிரிவரை மெதுவாகச் சூடாக்கி, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஓம் குறித்து, அந்த அட்டவணையோடு எழுத்தில் பதில் தாருங்கள். முதலிலேயே ரெசினை அறுத்துவிடாதீர்கள். அறுத்தால் அந்த இணைப்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியே போய்விடும், முன்னால் எக்ஸ்ரே எடுங்கள். பெட்டியில் உள்ள அதே தொகுதி எண்ணில் கையிருப்பில் இருப்பவற்றையும் சூட்டில் சோதியுங்கள். குறை தெரிந்தால், விற்றுப்போனவற்றைத் திரும்பப் பெற அறிவிப்புக் கொடுங்கள். மாற்றுச் சென்சார் வேறு தொகுதியிலிருந்து வர வேண்டும். இரண்டு முறை சென்சாரை மாற்றிப் பார்த்த வேலைக்கும், வண்டி நின்ற நாட்களுக்கும் உரிய ஈடு என்ன என்பதையும் அந்தப் பதிலிலேயே சொல்லுங்கள். உத்தரவாதப் பரிசோதனையில் சூட்டுச் சோதனை இனி உண்டா இல்லையா என்றும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் இதே பதிவுகளோடு நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம். ஸ்கோப் பதிவு, இரண்டு சென்சார்களின் வெப்ப அட்டவணை, ஸ்கேனர் அறிக்கை, உங்கள் நிராகரிப்புக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளோம். உங்கள் சென்சாரும் பழைய சென்சாரும் எங்களிடம் பத்திரமாக உள்ளன. உங்கள் பொறியாளர் நேரில் வந்தால், அவர் கண்முன்னே கிண்ணத்தை அடுப்பில் ஏற்றிக் காட்டத் தயார்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
இன்ஜின் வேலைப் பிரிவு.